முழு அளவும் பாதி அளவும்

அன்பு மக்ளே,

சோடா ரொட்டிக்கு மோர் எவ்வளவு என்று செவ்வாய்க்கிழமை ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். உடனே பதில் போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இங்கே அயர்லாந்தில் அப்போது மாலை நாலு மணி, மெல்போர்னில் விடியற்காலை மூன்று. அந்த நேரத்தில் உனக்கு ரொட்டி நினைப்பு எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "சும்மாதான்மா" என்பாய். அதனால் முழுப் பக்குவத்தையும் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்.

முழு அளவு என்றால் 450 கிராம் மைதா. பிளெயின் ஃப்ளவர் என்று போட்ட பாக்கெட்டை வாங்கு. செல்ஃப் ரைசிங் வேண்டாம், அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். சோடா ஒரு டீஸ்பூன், தலைதட்டி. உப்பும் அதே அளவு. மோர் 350 முதல் 400 மில்லி. இங்கே பிரெட் சோடா என்று விற்பது அங்கே பைகார்ப் சோடா என்று இருக்கும். நம் ஆச்சி ஆப்பத்துக்குப் போட்டதும் இதுதான். சோடாவை அளந்து போடு, கண்ணளவு வேண்டாம். கூடிப்போனால் ரொட்டி மஞ்சளடித்து சோப்பு மாதிரி வாடை வரும்.

இந்த ரொட்டி நாலைந்து பேருக்குக் காணும். பாதி அளவு என்றால் 225 கிராம் மாவு, அரை டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, 180 மில்லி மோரில் ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்து ஊற்று. ஒருத்தருக்கு அதுவே அதிகம். சோடா ரொட்டி சுட்ட அன்றைக்குத்தான் ரொட்டி, மறுநாள் உலர்ந்துபோகும், டோஸ்ட் செய்துதான் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளென்றால் முழு அளவு செய். அவருக்கு நைட் ஷிஃப்ட் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பதால் எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவர் குரலையே நாங்கள் கேட்கவில்லை. சரி, இரண்டு அளவும் எழுதிவிட்டேன், தேவையானதை எடுத்துக்கொள்.

மோர் அங்கே அட்டைப்பெட்டியில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கெட்டித் தயிர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு பால் விட்டுக் கலக்கு. அதுவும் இல்லையென்றால் 250 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வை, திரிந்து வரும். புளிப்பு இல்லாமல் சோடா வேலை செய்யாது. புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே காற்று கிளம்ப ஆரம்பித்துவிடும். ஈஸ்ட் மாதிரி நமக்காகக் காத்திருக்காது. ஆகவே முதலில் அடுப்பை 230 டிகிரிக்குச் சூடாக்கு, அப்புறம்தான் மோரைத் தொட வேண்டும்.

சோடாவை உள்ளங்கையில் கொட்டி, மற்றக் கையின் கட்டைவிரலால் தேய்த்துக் கட்டியில்லாமல் மாவில் போட்டுச் சலித்துக்கொள். நடுவில் குழி பண்ணி மோரை ஊற்று. விரல்களை விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக ஒரே பக்கமாகச் சுற்று. பிசையாதே. மாவெல்லாம் ஈரமாகிச் சேர்ந்துவிட்டால் போதும். சப்பாத்தி மாவைவிட நல்ல இளக்கமாக, கையில் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் மாவு தூவாதே. மாவு தூவிய பலகையில் போட்டு, இரண்டு கையாலும் உருட்டி, ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தட்டி, கத்தியால் சிலுவைக்கோடு போடு. ஓரம் வரைக்கும், ஆழமாக. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அப்புறம் நாலு மூலையிலும் கத்தி நுனியால் குத்துவார், ரொட்டிக்குள் இருக்கிற தேவதைகள் வெளியே போக வேண்டுமாம். ரொட்டி நடுவில் நன்றாக வேகும், உடைத்தால் நாலாகப் பிரியும், அதற்குத்தான் கோடு என்றும் அவரே சொல்வார். நீ சின்னவளாக இருக்கும்போது அந்தக் குத்து உன் வேலை.

230-ல் கால் மணி நேரம், 200-க்குக் குறைத்து இன்னும் அரை மணி நேரம். பாதி அளவுக்குப் பத்து நிமிடமும் இருபது நிமிடமும். அடியைத் தட்டிப் பார், உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வந்தால் வெந்துவிட்டது. மேல் ஓடு மெத்தென்று வேண்டுமானால் சுத்தமான துணியில் சுற்றி வை. பிசையாதே என்று திரும்பவும் சொல்கிறேன். உனக்கு எதையும் அழுத்திப் பிசைந்தால்தான் திருப்தி.

ஆன்ட்டி உன்னை விசாரித்தார். நாங்கள் கார்க்குக்கு வந்த புதிதில் நான் நைட் முடித்து வந்தால் வாசலில் துணியில் சுற்றிய ரொட்டி சூடாக இருக்கும், அது உனக்கு நினைவிருக்கும். அவருடைய அம்மா புல்கரி அடுப்பில், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரியில், பாஸ்டிபிள் என்கிற கனத்த இரும்புச் சட்டியில் ரொட்டியை வைத்து மூடி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டுச் சுடுவாராம். இந்த ஊர்க் கோதுமையில் பசைச்சத்து குறைவு, ஈஸ்ட் போட்டால் சரியாக எழும்பாது. 1830களில் சோடா வந்ததும் வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டார்கள். வெண்ணெய் கடைந்த மோர்தான் எல்லார் வீட்டிலும் மிஞ்சிக் கிடந்ததே. ஷாண்டனில் வெண்ணெய் மியூசியத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்களே, 1770-ல் தொடங்கி 1924 வரைக்கும் நடந்த வெண்ணெய்ச் சந்தையைப் பற்றி நீ எழுதிய கட்டுரை இன்னும் அப்பாவின் ஃபைலில் இருக்கிறது. டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். வந்த வருஷமே இங்கிலீஷில் அப்படி எழுதினவள் நீ. இப்போது அம்மாவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை.

சரி, உள்ளே போடுகிற சாமான்கள். வெறும் ரொட்டி உனக்குச் சலிக்கும் என்று தெரியும். உலர் திராட்சை 100 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, மோரோடு ஒரு முட்டை அடித்து ஊற்றினால் அது ஸ்பாட்டட் டாக். முட்டை போட்டால் அந்த அளவுக்கு மோரைக் குறை. முன்னெல்லாம் விருந்தாளி வந்தாலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் திராட்சை விழும். அமெரிக்காவில் கூட காரவே விதையும் போடுகிறார்கள். அது நம் சீரகம் இல்லை, கடையில் பார்த்து வாங்கு. ஆரஞ்சுத் தோலைத் துருவித் திராட்சையோடு போட்டால் வீடே மணக்கும்.

காரமாக வேண்டுமென்றால் செடார் சீஸ் 100 கிராம் துருவி, வெங்காயத்தாள் நாலு பொடியாக நறுக்கி, கடுகுத்தூள் அரை டீஸ்பூன். இது தம்பிக்கு. அப்பாவுக்கு நம் வகை: சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஓமம் அரை டீஸ்பூன். வெங்காயத்தைப் பச்சையாகப் போடாதே, தண்ணீர் விட்டு நடுவில் களியாகிவிடும். எண்ணெயில் சுருள வதக்கி, நன்றாக ஆறவைத்துப் போடு. எதைப் போட்டாலும் மோர் ஊற்றுவதற்கு முன்னால் காய்ந்த மாவில் போட்டுக் கலந்துவிடு. ஊற்றியபிறகு கிளறினால் ரொட்டி கல்லாகிவிடும். சூட்டோடு வெட்டி வெண்ணெய் தடவிச் சாப்பிடு. வெண்ணெயில் மிச்சம் பிடிக்காதே. போன தடவை வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கப்புறம் சுவரைத்தான் காட்டுகிறாய்.

போன வாரம் பிரிஜிட் திருநாள் விடுமுறைக்கு அப்பாவும் நானும் கோவ் துறைமுகத்துக்குப் போனோம். அனி மூர் சிலைக்குப் பக்கத்தில் நின்றோம், நீ புறப்படுவதற்கு முன்னால் போட்டோ எடுத்தோமே, அதே இடம். 1892 ஜனவரி முதல் தேதி அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்கள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவில் முதலில் இறங்கினவள், பதினேழு வயது, இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் பிள்ளை கப்பலேறுவதற்கு முந்தின ராத்திரி, இழவு வீட்டில் கண் விழிப்பது போலவே எல்லாரும் கூடி விழித்திருப்பார்களாம். திரும்பப் பார்ப்போம் என்ற நம்பிக்கை இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் கழித்தாவது கடிதம் வந்திருக்கிறது. நமக்குப் போன் இருக்கிறது, விமானம் இருக்கிறது. எனக்கு இன்னும் பழகவில்லை, மக்ளே.

பெரியம்மா நாகர்கோவிலிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவை கோயிலில் பார்த்தாளாம், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பெரியம்மாவுக்கு எதிலும் ஒன்று தோன்றும் என்று நான் போனை வைத்துவிட்டேன். நீ ஒன்று சொல்லாதவரைக்கும் நான் யாரிடமும் ஒன்றும் சொல்வதாக இல்லை. நீ என்ன சொன்னாலும் இந்த வீட்டில் உனக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அப்பாவும் இதையே எழுதச் சொன்னார். அவருக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பிக்கு மாக் பரீட்சை, அதாவது மாதிரிப் பரீட்சை, நடக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

மிஞ்சினால் ரொட்டியை வெட்டித் துண்டு துண்டாக ஃப்ரீசரில் வை, காலையில் அப்படியே டோஸ்டரில் போடலாம். வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. வெயில் காலத்தில் பகலில் ஓவன் போடாதே, சாயங்காலம் சுடு. சோடா பழையதாக இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார், நுரைக்காவிட்டால் தூக்கிப் போடு. பிசையாதே.

சுட்டபிறகு போட்டோ வேண்டாம். முழு அளவா பாதி அளவா என்று மட்டும் எழுது, எனக்கு அது போதும். மே மாதம் எனக்கு மூன்று வாரம் லீவு சேர்ந்திருக்கிறது, அப்பா டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். வருவதானால் அந்த நீல டப்பாவை எடுத்துவரவா, இங்கேயே இருக்கட்டுமா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா