ஏசி இருமல்

மஸ்கெலியா,
ஞாயிறு ராத்திரி

தம்பி,

நீ அனுப்புன காசு கெடச்சிச்சி. மாசித் தேருக்கு இந்த வருசம் நம்ம லயத்துப் பொடியங்கதான்... அத அப்புறம் எழுதுறேன். வெள்ளிக்கிழம போன்ல மூணு தரம் இருமுன. கடை ஏசிக் குளிருன்னு சொல்லி வச்சிட்ட. தீபாவளிக்கு வந்தப்பவும் ஏசிதான். கொத்தமல்லி அவிச்சிக் குடி. ராத்திரியில வேர்க்குதான்னு கேக்க வாயெடுத்தேன், கடையில ஆளுங்க இருந்திருப்பாங்க.

ஒரு நாள்கூட லீவு போடலன்னு சொன்ன. எனக்குப் பெருமையாத்தான் இருந்திச்சி. ஆனா உடம்பு தாங்குறது வேற, கிருமி போறது வேற. மழைக்குத் தேயிலையில கொப்புள நோய் விழுந்த மலையப் பார்த்திருப்ப. சில செடி நோய அண்ட விடாது. சிலது கொப்புளத்தோடயே துளிர் தள்ளிக்கிட்டு நிக்கும். தோட்டத்துத் தொரைக்கு அது நல்ல செடி. காத்துல பக்கத்துச் செடிக்குப் போறது அதுலருந்துதான்.

நானும் அப்படித்தான் நின்னேன். 2009ல நாலு மாசம் இருமலோட கொழுந்தெடுத்தேன். கிலோ கொறஞ்சா அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். அக்காவுக்கு வேற மாப்பிள்ள பேசுன நேரம். பனடோலப் போட்டுக்கிட்டு, ஒரே காம்பராவுல உன்ன அணைச்சிக்கிட்டுப் படுத்தேன். கடைசியில சளியப் பார்த்து டீபின்னாங்க. உனக்கு நாலு வயசு. ஆறு மாசம் வைட்டமின்னு சொல்லிக் குளிசை தந்தேனே, அது வைட்டமின் இல்ல தம்பி. என்கிட்டருந்து உனக்குக் கிருமி வந்திருந்தா அது எழும்பக் கூடாதுன்னு தந்தது. உனக்குப் பொண்ணு பார்க்கிற காலத்துல யாரும் கேட்டுடுவாங்கன்னு சொல்லாம மறச்சேன்.

உடம்பு கிருமியச் சுத்தி வேலி போட்டு வச்சிருக்குமாம். சாப்பாடு கெட்டு உடம்பு தளர்ந்தா, சீனி வியாதி வந்தா, வேலி விழும். எனக்குக் கிருமி போயிருச்சி, நெஞ்சுல தழும்பு போகல. கிருமி கெடுத்தது கொஞ்சம், அதோட சண்ட போட்டு உடம்பே கெடுத்துக்கிட்டது கொஞ்சம்னு டாக்டர் சொன்னாரு. பீலிக்கரை ஏத்தத்துல மூச்சு வாங்கி மூணு எடத்துல நிக்கிறேன். உங்ககிட்ட முட்டிவலின்னு சொல்றது இதத்தான்.

ரெண்டு கிழமைக்கு மேல இருமுனா சளி பார்க்கணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு இல்ல. அதுதான்னு சொன்னாலும் ஆறு மாசம் மருந்துதான், நான் குடிச்சேனே. ரூமுல மூணு பேர் படுக்கிறீங்க, அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கா. கொத்தமல்லி குடி. இல்ல, கொத்தமல்லி போதாது. சாப்பாட்ட விடாத. சளியக் குடு. ரிசல்ட் துண்டு குடுத்தா படம் எடுத்து அக்கா போனுக்கு அனுப்பு.

அம்மா