மவுஸை எங்கள் கையிலேயே விட்டவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் ஞாயிறு பின்னேரங்களில் கூடி, படங்களைத் திருத்தக் கற்றுக்கொள்ளும் எங்கள் சிறு கூட்டத்தின் சார்பில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன். கிம்ப் என்ற இலவச மென்பொருளை எங்களுக்குப் பழக்கித் தந்தவர்களிடம் நேரில் நன்றி சொன்னால், "இதுக்கெல்லாம் எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். யாரும் ஒரு சதம்கூட எங்களிடம் வாங்கவில்லை.

நாங்கள் யாரும் தொழிலுக்காகக் கற்க வந்தவர்கள் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா, விடியற்காலையில் கமராவைத் தூக்கிக்கொண்டு பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போகும் இரண்டு நண்பர்கள், அப்புறம் பழைய குடும்பப் படங்களோடு வந்த என்னைப் போன்றவர்கள். எங்களில் பலர் முதலில் வேறு மென்பொருள்களைத்தான் தேடினோம். பெயர்பெற்றவற்றுக்கு மாதச் சந்தா டொலரில் கட்டவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டிய பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டோம். கள்ளக் கொப்பி சீடியில் மனம் ஒப்பவில்லை.

அந்த நேரத்தில்தான் மல்லி வந்தார். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சிங்களத் தம்பி. பல்கலைக்கழக மாணவர். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசியே எங்கள் எல்லோருடைய கொம்பியூட்டர்களிலும் கிம்ப்பை ஏற்றித் தந்தார். 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பு பழைய விண்டோஸ் 7 இயந்திரங்களில் ஓடாது. அப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருந்தவர்களை "புதுசு வாங்குங்கோ" என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. 2.10 பதிப்பைத் தனியாக ஒரு பென் ட்ரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். வங்கி ஐயா மட்டும் விடவில்லை. "தம்பி, இப்பிடிக் கொப்பி பண்ணிக் குடுக்கிறது சரியோ?" என்று கேட்டார். மல்லி பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். 1995இல் பேர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 1996இல் வெளியில் வந்தது. யாரும் பயன்படுத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், உள்ளே இருப்பதைப் பார்த்து மாற்றலாம் என்று அதன் உரிமமே சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் ஐயா நிம்மதியாகத் தன் மடிக்கணினியை நீட்டினார். அந்த இரண்டு மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பின் இன்றுவரை அதை எழுதிக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களுக்கும், மெனுக்களைத் தமிழில் பெயர்த்துத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் முகம் தெரியாது. அவர்கள் உழைப்பைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

இனி ரீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வேலை தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? "இங்க தாங்கோ" என்று மவுஸை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் நாலு இடத்தில் தட்டி, "அவ்வளவுதான், பாத்தீங்களோ?" என்று திருப்பித் தருவார். படம் சரியாகிவிடும். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அடுத்த படத்துக்கும் அவரைத்தான் தேடிப் போகவேண்டும். தெஹிவளையில் இருந்து பஸ் ஏறி வரும் எங்கள் ரீச்சர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் தடுமாறினால் கேள்விதான் கேட்பார்.

தூரிகையால் தேய் தேய் என்று தேய்த்தும் படத்தில் ஒன்றும் நடக்காத நிலை கிம்ப் பழகும் எல்லோருக்கும் வரும். மென்பொருள் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ரீச்சரிடம் அதற்கு மூன்று கேள்விகள் இருந்தன. "எந்த லேயரில நிக்கிறீங்கள்?" "முந்தி எடுத்த தெரிவு எங்கயாவது மிச்சம் கிடக்குதோ?" "படத்தில பூசுறீங்களோ, மாஸ்க்கில பூசுறீங்களோ?" லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களில் ஒன்று போன்றது, தெரிவு என்பது வேலை செய்வதற்காகக் குறித்து எடுத்த பகுதி, மாஸ்க் என்பது ஒரு லேயரில் எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்லும் மூடி. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூலையில் நாம் மறந்துபோன ஒரு சின்னத் தெரிவு இருந்தாலும், அதற்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் ஒட்டாது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தித் தெரிவை நீக்கிவிட்டால் வேலை செய்யத் தொடங்கிவிடும். இதைச் சொல்லித் தர அவருக்கு ஒரு நொடி போதும். ஆனாலும் நாங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். இப்போது எங்கள் பிள்ளைகள் வீட்டில் தாங்களாகவே அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்கிறார்கள்.

லேயர் மாஸ்க்கை அவர் விளக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வகுப்பறையில் புரொஜெக்டருக்குப் பயன்படுத்திய பழைய கண்ணாடித் தாள்கள் இரண்டைக் கொண்டுவந்தார். மேல் தாளில் கோயில் கோபுரம், கீழ்த்தாளில் வெறும் வானம். அவற்றுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டிவிட்டு, "மாஸ்க்கில வெள்ளை பூசினால் மேல உள்ளது தெரியும், கறுப்புப் பூசினால் மறையும், சாம்பல் பூசினால் அரைகுறையாத் தெரியும். ஒண்டும் அழியாது, மனம் மாறினால் திருப்பிப் பூசலாம்" என்றார். அதற்கு முன் நாங்கள் எல்லோரும் அழிப்பானைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

கிம்ப்பில் 'சேமி' கொடுத்தால் அது லேயர்களோடு தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில்தான் வைக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் தனியாக ஏற்றுமதி செய்யவேண்டும் என்பதையும் அவர்தான் எல்லோருடைய கொப்பியிலும் எழுத வைத்தார். 2012இல் வந்த 2.8 பதிப்பில் இருந்து அப்படித்தான். தலையிடியாகத் தெரிந்தாலும், லேயர்களை இழக்காமல் எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்து கொட்டாஞ்சேனை ஐயா. அவர் வாழ்நாள் முழுக்க ஸ்ரூடியோ இருட்டறையில் வேலை செய்தவர். நெகட்டிவின் மேல் பென்சிலால் முகம் திருத்தியவர். அச்சில் விழும் வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மூடியவர். கொம்பியூட்டரை அவர் எங்களோடுதான் பழகினார். ஆனால் படத்தைப் பார்க்கும் கண்ணை நாங்கள் அவரிடம்தான் பெற்றோம். டொட்ஜ், பேர்ன் என்ற இரண்டு கருவிகளும் எதற்கு என்று எங்களுக்கு விளங்காமல் இருந்தது. ஐயா ஒரு கம்பியின் நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, மேசை விளக்குக்குக் கீழே பிடித்து ஆட்டிக் காட்டினார். அட்டையின் நிழல் விழும் இடத்துக்கு வெளிச்சம் குறையும், அச்சில் அந்த இடம் வெளிறி வரும். அதுதான் டொட்ஜ். அட்டையில் ஓட்டை போட்டு அந்த வழியாக ஒரே இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அந்த இடம் கறுக்கும். அதுதான் பேர்ன். "கையை ஆட்டிக்கொண்டே இருக்கவேணும், நிண்டால் கோடு விழும்" என்றார். மவுஸுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

ஐயாவைப் பற்றி எழுதும்போது தையல் அக்காவின் படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருடைய அப்பா காலமாகி, 31ஆம் நாள் நினைவு மலருக்கு இளவயதுப் படம் ஒன்று தேவைப்பட்டது. வீட்டு அல்பம் 1983 கலவரத்தோடு போய்விட்டது. மிஞ்சியது உறவினர் ஒருவரிடம் இருந்த கல்யாண வீட்டுக் குழுப் படம் ஒன்றுதான். அதில் அப்பாவின் முகம் அரை அங்குலம் இருக்கும். கன்னத்தின் குறுக்கே மடிப்பு. முதலில் அவர் தானாகத் திருத்தித் தரும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தார். பளபளப்பாக, சுத்தமாக ஒரு முகம் வந்தது. "வடிவாத்தான் இருக்கு. ஆனா அது அப்பா இல்ல" என்று அழுதுவிட்டார்.

அந்தக் கிழமை எங்களுக்கு ஸ்கேனர் தந்து உதவியவர் பம்பலப்பிட்டி அண்ணா. முகம் அவ்வளவு சிறிதாக இருப்பதால் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் வரும்படி, எடுக்கச் சொன்னார். அரை அங்குல முகத்துக்கு 600 புள்ளிகள் கிடைத்தன. 300 டிபிஐயில் அச்சடித்தால் இரண்டு அங்குலம் வரும், மலருக்கு அது போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மூலப் படத்தை அப்படியே வைத்துவிட்டு, லேயரைப் பிரதி எடுத்து அதில் அக்கா வேலையைத் தொடங்கினார். நல்ல இடத்தில் இருந்து எடுத்துப் பழுதான இடத்தை மூடும் ஹீல் கருவியை எடுத்து, கொன்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல தோல் உள்ள இடத்தில் ஒரு தட்டு, பிறகு மடிப்பின் மேல் சின்னச் சின்னதாகத் தட்டு. ஐயா பக்கத்துக் கதிரையில் இருந்தார். "கிட்ட இருந்து எடுங்கோ பிள்ளை. வெளிச்சம் விழுற பக்கம் ஒண்டா இருக்கவேணும். ஒரே இடத்தில இருந்து எடுத்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிச்சிடுவினம், மாத்தி மாத்தி எடுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புருவத்துக்கு மேலே ஒரு கோடு வந்தது. அக்கா அதையும் மூடப் போனார். ஐயா தடுத்து, "பொறுங்கோ. இது படத்தில விழுந்த கீறலோ, முகத்தில இருந்த தழும்போ?" என்று கேட்டார். அக்கா கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு அது. அந்தச் செயலி அதைக் கறையென்று நினைத்து அழித்திருந்தது. எந்தக் கோடு கீறல், எந்தக் கோடு அப்பா என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐயா மவுஸை வாங்கித் தானே செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார், தழும்பும் போயிருக்கும். மலரில் அப்பா தழும்போடு வந்தார். ஐயா, உங்களுக்கு அந்தக் குடும்பம் முழுவதும் நன்றி சொல்லச் சொன்னது.

நினைவு மலரின் எழுத்து வேலையில் உதவிய புறக்கோட்டைத் தம்பியையும் மறக்கவில்லை. அச்சகத்தில் இருந்து வந்த வரிகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததால், கிம்ப்பில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றி, கொம்புகளும் கால்களும் தம் இடத்தில் நிற்கும்படி செய்து தந்தார். இரவு எந்த நேரம் வட்ஸ்அப்பில் கேட்டாலும் குரல் பதிவில் ஒவ்வொரு படியாகச் சொல்வார்.

ஞாயிறுதோறும் தன் வீட்டு விறாந்தையை எங்களுக்கு விட்டுத் தந்த மாமிக்கு என்ன சொல்வது? மின்சாரக் கட்டணம் ஏறிய காலத்திலும் ஒரு சொல் சொன்னதில்லை. பிளேன்டீயும் உளுந்து வடையும் ஒருநாளும் தவறவில்லை. மாமி, உங்கள் விறாந்தை இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை.

ரீச்சர், ஐயா, மல்லி, அண்ணா, தம்பி, மாமி, உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. எங்களில் மூன்று பேர் இப்போது கொட்டாஞ்சேனையில் புதிதாகப் பழகுபவர்களுக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கியிருக்கிறோம். அண்ணாவின் ஸ்கேனர் இந்த மாதம் முழுக்க அங்கேதான் இருக்கும். பழைய படம் எடுக்கவேண்டியவர்கள் அங்கே கொண்டுவாருங்கள், கிழியக்கூடிய படமென்றால் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தை ஞாயிறு கூட்டத்தில் ஒருத்தி