மாத்திரையை மாற்றச் சொன்னீர்கள், ஐ.என்.ஆரை விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "ஜெனரிக்குக்கும் பிராண்டுக்கும் விலைதான் வித்தியாசம், தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிட்டது. இடம் இல்லை போலும். பக்கத்தில் பாதியை மூட்டுவலி எண்ணெய் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்ததே!

நான் ஜெனரிக்குக்கு, அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கும் மாத்திரைக்கு, விரோதி இல்லை. என் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மக்கள் மருந்தகத்தில் வாங்குவதுதான். 2025-இல் முதல்வர் மருந்தகம் வந்தபோது தெருவில் நாலு பேரை அனுப்பி வைத்ததும் நான்தான். ஆனால் என் மனைவியின் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு. சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் செய்த வேலை. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் அசினோகுமரால் என்ற மாத்திரை சாப்பிட வேண்டும். இதே வேலைக்கு இப்போது வந்திருக்கும் புது மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் எல்லாம் உலோக வால்வுக்கு ஆகாது.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். அவளுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரலாம். ஏறினால் பல் தேய்க்கும்போதே ஈறில் ரத்தம். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் திங்கள், புதன், வெள்ளித் தாள்களில் '2' என்றும் மற்ற நாள்களில் '3' என்றும் சிவப்பு மையில் எழுதியிருக்கும். அந்த ஒரு மில்லிகிராமுக்கு அவ்வளவு பாடு.

இதே வகையில் இன்னொரு மருந்து வார்ஃபரின். ஜெனரிக் வார்ஃபரின் பிராண்டுக்குச் சளைத்ததில்லை என்றுதான் ஆய்வுகளும் பொதுவாகச் சொல்கின்றன. சரி. ஆனால் எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடு என்று இதய மருத்துவர்கள் சொல்வார்கள். தங்களுக்குத் தெரியாததா? அதை எழுத இன்னும் ஒரு வரிதானே ஆகியிருக்கும்?

போன வாரம் மருந்துக் கடைப் பையன் அசினோகுமராலுக்குப் பதிலாக வார்ஃபரினைக் கத்தரித்துக் கொடுத்தான். அதுவும் பெயரும் காலாவதித் தேதியும் பாதியில் போகிற மாதிரி. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "ரெண்டும் ரத்தத்துக்குத்தான் சார், பேப்பர்லயே மாத்திக்கலாம்னு போட்டிருக்காங்களே" என்கிறார் முதலாளி. இது ஜெனரிக்கே இல்லை, வேறு மருந்து. ஒரே மில்லிகிராமில் வார்ஃபரினின் வீரியம் ஏறக்குறைய பாதிதான். சீட்டில் எழுதியதை விட்டு வேறு கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளிலேயே இருக்கிறது. அவர் விதியை எங்கே படித்தார், உங்கள் பக்கத்தைத்தான் படித்திருக்கிறார்.

மருத்துவர்களிடமும் தெளிவு கிடைப்பதில்லை. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது, அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைத்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.என்.ஆர். பார்க்க வசதி இல்லை. பஸ் ஏறித்தான் போக வேண்டும். போய் எடுத்தாலும் ஒரு லேபில் ரத்தம் உறைய ஆகும் வினாடிக் கணக்கை மட்டும் எழுதி, ஐ.என்.ஆர். கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம், "தினம் ஒரு கீரை" என்று முன்பு தொடர் போட்டீர்களே, அப்போதே எழுதினேன். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும், இதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஒரு குறிப்புச் சேர்க்கக் கேட்டேன். அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை. முருங்கைக்கீரை அடைக் குறிப்பு வண்ணப் படத்தோடு வந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் இந்த மாத்திரையின் கம்பெனி மாறினால் மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளவும் என்று இரண்டு வரி போடுங்கள். எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
மன்னார்குடி