பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

மதிப்பிற்குரிய வடசென்னைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருந்தாலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் எங்களுக்கு அது பால்வாடிதான். புதுக் கட்டடம் திறக்க நீங்கள் வருகிறீர்கள். சுவரில் யானையும் மயிலும் அழகாகவே இருக்கின்றன. உள்ளே ஒரு டீச்சர், ஓர் ஆயா. டீச்சர்தான் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளின் விவரத்தைக் கைபேசியில் ஏற்ற வேண்டும், வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலையவும் வேண்டும். பாட்டும் கதையும் எப்போது?

நான் பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஜூன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்து என்ன நடந்தது என்று கேட்கும். சோறு போட்டுத் தூங்க வைத்தே அனுப்பப்பட்ட பிள்ளை சிலேட்டைப் பார்த்து மிரளும். அந்த மிரட்சி தெளியப் பொங்கல் வந்துவிடும்.

அமெரிக்காவில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பள்ளியில் சேரும் வயதுக்கு முந்தைய ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு மட்டும் தினமும் இரண்டரை மணி நேர வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கும் போவார். அறிவுத்திறன் சோதனையில் கிடைத்த முன்னிலை சில வருடங்களில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அந்த வகுப்புக்குப் போனவர்களில் 77 சதவீதம், மற்றவர்களில் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் இவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 55. வடசென்னை என்றாலே காவல் நிலையத்தை நினைப்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கை இரண்டு முறை படிக்கலாம்.

எங்கோ நடந்தது என்பீர்கள். சரி, தமிழ்நாட்டுக்கே வருவோம். நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, பாதியில் மட்டும் கற்பிப்பதற்கென்று அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய டீச்சருக்கும் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பிற்காலத்தில் கூடும் வருமானம், செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு என்பது அவர்களது மதிப்பீடு.

தொகுதி நிதி கட்டடத்துக்குத்தான், சம்பளத்துக்கு இல்லை என்று சொல்வீர்கள். அதனால்தான் நிதி கேட்கவில்லை, உங்கள் குரலைக் கேட்கிறேன். சமூக நலத்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் எழுந்து இந்த ஒரு பணியிடத்தைக் கேளுங்கள். ஆளைத் தேடி வெளியூர் போக வேண்டாம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ராயபுரம்