வெள்ளைப் பெட்டியும் உன் யன்னலும்

திருகோணமலை
சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுவாரம்

அன்புள்ள மகளுக்கு,

புத்தாண்டன்று ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிலிருந்து தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. முந்தின வருடம் லீவு எடுத்த இரண்டு வாரமும் மழையும் கடற்பனியுமாகப் போயின என்றும், போன வருடம் கொதித்த அறையில் பேரன் இரவிரவாக அழுதான் என்றும், இந்த முறை எதை நம்பி லீவு போடுவது என்றே தெரியவில்லை என்றும் சொன்னாய். கோடைக்காக ஏங்கும் ஒரு பிள்ளையைத் திருகோணமலையில் பெற்று வளர்த்தோமே என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இந்த விடயத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை சிரித்துத் தவறு செய்தவன்.

2022 ஆம் ஆண்டு யூலையில், நீ இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடி அறையிலிருந்து அழைத்து, நம் ஊரில்கூட இப்படி அவிந்ததில்லை என்று அழாத குறையாகச் சொன்னாய். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்றில் வளர்ந்த பிள்ளை வெள்ளைக்காரன் ஊர் வெயிலுக்குப் பயப்படுகிறதா என்று நான் கேலி செய்தேன். அந்த மாதம் 19 ஆம் திகதி, லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது என்று பிறகு செய்தியில் கேட்டபோது வாயடைத்துப் போனேன். வளிமண்டலவியல் நிலையத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் அவதானிப்பாளராக இருந்து, அதிகாலை ஐந்தரைக்கும் காலை எட்டரைக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் வெப்பமானிகள் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து வாசித்த நான், அதற்குள் 40 என்ற எண்ணை ஒரு நாளும் கண்டதில்லை. அன்றைய கேலிக்குப் பரிகாரமாக, கோடை தொடங்கும் முன்பே இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். புல்வெளியின் நடுவில், நாலடி உயரக் கால்களில், வெள்ளைச் சாயம் பூசி, நான்கு பக்கமும் சரிவான மரச்சட்டங்கள் இரட்டை வரிசையாக அடித்து நிற்கும். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள் உன்னைத் தூக்கிப் பிடித்து உள்ளே காட்டினேன். கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நிழலைப் பூட்டி வச்சிருக்கிறீங்களா, அப்பா?" என்று கேட்டாய். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கைந்நூலிலும் படித்ததில்லை. வெப்பமானி அளக்க வேண்டியது காற்றின் வெப்பத்தையே தவிர வெயிலின் வெப்பத்தை அல்ல என்பதால், வெயில் உள்ளே விழாமலும் காற்று தடையின்றிப் போய்வரவும் செய்த அமைப்பு அது. அதை 1860களில் வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர், உன் எடின்பரோ நகரத்து மனிதர். அவருடைய பெட்டியைக் காவல் காத்து நான் சம்பளம் வாங்கினேன், நீயோ அவருடைய ஊரிலேயே வெயிலை உள்ளே விட்டுவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

நீ இங்கிருந்து கொண்டுபோன பழக்கங்கள் அங்கே உன்னை ஏமாற்றுகின்றன என்று நினைக்கிறேன். இங்கே வெயில் விழுவது கூரையில். இந்த நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நேற்றுப் பன்னிரண்டு மணி கழிந்த சில நிமிடங்களில் கிணற்றை எட்டிப் பார்த்தேன், அடியில் இருந்த தண்ணீரில் சூரியன் ஒரு தட்டுப்போலக் கிடந்தது, கிணற்றுக் கட்டுக்கு நிழலே இல்லை. ஆகவே நாம் கூரையைக் கவனித்துக்கொண்டு, சுவரில் எத்தனை யன்னல் இருந்தாலும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுவோம். எடின்பரோவில் ஆனி மாதத்து மிக நீண்ட நாளில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. காலை நாலரைக்கு எழுந்து, வடமேற்கில் இரவு பத்து மணிக்கு விழுகிற அந்தச் சூரியன், மாலை முழுவதும் உன் மேற்கு யன்னலுக்குள் கிடையாக நுழைந்து பேரனின் கட்டில்வரை வருகிறது. உன் வீட்டில் கூரையைவிட யன்னல்தான் பெரிய எதிரி.

கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரைச்சீலையில் பட்டுச் சூடாக மாறிய பிறகு, அந்தச் சூட்டைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே சிறந்தது, விறாந்தையில் நாம் கிடுகுத்தட்டி கட்டுவதும் அதற்காகத்தான். வாடகை வீட்டின் மேல்மாடியில் அது முடியாதென்றால், உள்ளேயாவது கண்ணாடிக்கு மிக நெருக்கமாக வெள்ளைத் துணியைக் கட்டு, கடும் நிறத் திரையைக் கழற்றி வை. வெளியே உள்ள காற்று உள்ளே உள்ளதைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் யன்னலை மூடிவிடு. இது உனக்குக் கஷ்டமாக இருக்கும், மூடிய வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்வாய், ஆனாலும் மூடு. இரவில் வெளிக்காற்றுக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திற. நீ இருக்கும் பழைய கல்வீட்டின் மேலும் கீழும் வழுக்கும் யன்னல்களை மேற்பக்கம் ஒரு சாண், கீழ்ப்பக்கம் ஒரு சாண் என்று இரண்டையும் திறந்தால், சூடான காற்று மேலால் போகக் குளிர்ந்த காற்றுக் கீழால் வரும். அதைச் செய்தவர்கள் அதற்காகவே அப்படிச் செய்தார்கள், பிற்காலத்தில் பூசிய சாயம் மேற்பாதியை ஒட்ட வைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி இப்போதே கழற்றுவித்துக்கொள். பிள்ளை ஏறி எட்டிப் பார்க்காதபடி கட்டிலை மட்டும் அப்பால் நகர்த்திவிடு.

கல்வீடு என்று எழுதும்போது என் சொந்த முட்டாள்தனம் நினைவுக்கு வருகிறது. அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து நானும் நல்ல ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டு கொங்கிறீட் போட்டேன் அல்லவா? பகல் முழுவதும் குடித்த வெயிலை அது நள்ளிரவுவரை நம் தலையில் ஊற்றியது, நீயும் அண்ணாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழே போய்ப் படுத்தீர்கள். தடித்த கற்சுவரும் அப்படித்தான். முதல் நாள் அது வீட்டைக் குளிராக வைத்திருக்கும், இரண்டாம் நாளும் தாங்கும், மூன்றாம் நாள் அதுவே அடுப்பாகும். ஆகவே வெப்ப அலை வருகிறது என்று அறிவித்த முதல் நாள் காலையிலேயே யன்னலை மறைக்கத் தொடங்கு. வீடு சூடேறிய பிறகு செய்தால் பயனில்லை. அந்த நாட்டில் எல்லாமே குளிரை எண்ணிக் கட்டப்பட்டவை. ரயில் தண்டவாளங்களைக்கூட 27 பாகையில் இறுக்கமும் தளர்வும் இல்லாதபடி இழுத்துப் பொருத்துகிறார்கள், அதைவிட நன்றாகச் சூடேறினால் அவை நீண்டு வளையக்கூடும் என்பதால்தான் நமக்குச் சாதாரணமான ஒரு பகலில் அங்கே வண்டிகள் மெதுவாக ஓடுகின்றன.

பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் இருந்தன. ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும், காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கு ஈரம் ஆவியாகி அது குறைவாகக் காட்டும். கச்சான் வீசும் நாளில் இரண்டுக்கும் இடையே பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கும், அம்மா கொடியில் போட்ட சாரம் கால் மணி நேரத்தில் அப்பளம்போல விறைத்துவிடும். கடற்காற்று ஏறிய நாளில் வித்தியாசம் மூன்று பாகைதான். ஈரத் துணியால் குளிரூட்டும் வேலை எல்லாம் முதல் வகை நாளில்தான் பலிக்கும். ஆகவே மின்விசிறிக்கு முன்னால் ஈரத்துணி தொங்கவிடுவதற்கு முன், காற்று உலர்ந்திருக்கிறதா என்று பார். காற்றின் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மின்விசிறியை நம்பாதே, அது சூட்டைத்தான் உடம்பில் வீசும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் குளிக்காதே, தோல் சுருங்கி உள்ளே உள்ள சூடு உள்ளேயே நிற்கும். வெயில் ஊரில் இருந்துகொண்டு கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றைச் சுற்றி வரிசையில் நிற்கிற நம் ஆட்களை நீ கேலி செய்வாய், ஆனாலும் இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் படுக்கைக்கு முன் நல்லது. தேசிக்காயும் உப்பும் கரைத்த மோர் போதும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற் நான்கு அம்மா பொதியில் வைத்திருக்கிறார்.

கீழ் மாடியில் தனியாக இருக்கும் அந்த மூதாட்டியை நாளுக்கு இரண்டு தடவை போய்ப் பார். 2003 ஓகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் வெப்ப அலையில் இறந்தார்கள், மிகப் பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் வீட்டில் தனியாக இருந்தவர்கள். வயது போனவர்களுக்குத் தாகம் தெரியாது. எனக்கே இப்போது தெரிவதில்லை, அம்மா செம்பைக் கொண்டுவந்து வைத்தால்தான் குடிக்கிறேன்.

இனி ஏமாற்றும் கோடையைப் பற்றி. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று காற்றுக்கு நான்கு பெயர் படித்தாயே, அதில் கோடை என்பது மேல்காற்று. வெயில் காலத்துக்கும் அதே பெயர். நம் ஊருக்கு அது பொருந்தும், ஏனென்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கி வரும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் கச்சானாக வந்து சேர்கிறது. உனக்கோ மேல்காற்று அத்திலாந்திக் மழையைச் சுமந்து வருகிறது. ஆனாலும் மேற்கே உள்ள மலைகளும் உயர்நிலங்களும் அதன் பெரும்பங்கை மேற்குக் கரையிலேயே பறித்துவிடுவதால், கிளாஸ்கோவைவிட எடின்பரோவில் மழை நன்றாகக் குறைவு. நீயும் மலைக்குப் பின்னால், கிழக்குக் கரையில்தான் இருக்கிறாய். 2024 தை மாதம், நட்டநடு மாரியில், வடமேற்கு ஸ்கொட்லாந்தில் 19 பாகைக்கு மேல் பதிவானதே, அதுவும் மலை இறங்கிய காற்றின் வேலைதான், கச்சானுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்.

2024 இன் கோடை பிரித்தானியாவில் 2015 க்குப் பிறகு மிகக் குளிரானது. அடுத்து வந்த 2025 இன் கோடையோ 1884 இல் தொடங்கும் அவர்களுடைய பதிவுகளிலேயே மிகச் சூடானது. அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் இப்படி இருக்கும்போது, போன வருடத்தை வைத்து இந்த வருடத்துக்கு லீவு போடுவது பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்து நாள் பார்ப்பதுபோல. நாங்கள் முப்பது வருடச் சராசரியைத்தான் பார்ப்போம். உன் ஊரின் சராசரியில் கோடைப் பகலின் உச்சம் 19 பாகை. அதுதான் உன் கோடை. 25 வந்தால் அது விருந்து, வராவிட்டால் யாரும் உன்னை ஏமாற்றவில்லை. வெளிச்சத்துக்கு மேயும் யூனும் ஓகஸ்டைவிட நல்லவை, ஆகவே லீவில் ஒரு வாரத்தை மே மாத இறுதிக்கு மாற்று. மற்றதை ஒரே கட்டாகப் போடாமல் ஒற்றை நாட்களாகக் கையில் வைத்துக்கொண்டு, முதல் நாள் மாலை வானிலை அறிக்கை பார்த்து எடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேள். கடற்பனி வந்தால் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்காதே. ஹார் என்று நீங்கள் சொல்லும் அந்தப் பனி, சூடான காற்று குளிர்ந்த வடகடலின் மேலே வரும்போது உண்டாவது. பெரும்பாலும் கரையோரத்தோடு நின்றுவிடும். பஸ் ஏறிச் சில மைல் உள்ளே போனால் அங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு விடயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெக்கையான நாளில் கடலிலோ ஏரியிலோ குதிக்காதே, பேரனையும் விடாதே. நம் உப்புவெளிக் கடலில் நீந்தியவள் என்ற தைரியம் அங்கே உதவாது. காற்று 30 பாகையானாலும் வடகடல் 14 பாகையைச் சுற்றியே இருக்கும், அந்தக் குளிர் நெஞ்சில் பட்ட கணமே மூச்சு இழுபட்டுத் தண்ணீர் உள்ளே போய்விடும். முழங்கால்வரை நின்று, கையையும் முகத்தையும் நனைத்துவிட்டு வா. இன்னொன்று, நம் தோலுக்கு அந்த நாட்டு வெயில் கோடையிலும் போதாது என்பதால், உயிர்ச்சத்து டி ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் வீதம் வருடம் முழுவதும் எடுப்பது நல்லது என்று அங்குள்ள சுகாதாரத் துறையே நம்மவர்களுக்குச் சொல்கிறது. உன் வைத்தியரிடம் கேட்டு எடு.

மருமகனிடம் ஒரு மலிவான வெப்பமானி வாங்கச் சொல். வடக்குப் பக்கச் சுவரில், வெயில் படாத இடத்தில், நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் சற்று விலக்கித் தொங்கவிட்டு, இன்னொன்றைப் பேரனின் கட்டிலருகில் வை. எந்த நேரத்தில் வெளியே உள்ளது உள்ளே உள்ளதைவிடக் கீழே இறங்குகிறதோ அதுதான் உன் யன்னல் திறக்கும் நேரம். வைகாசியிலிருந்து எனக்கு அந்த இரண்டு எண்களையும் வாரம் ஒருமுறை எழுதி அனுப்பு. ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், கொப்பியில் கோடு போட்டு வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா