ரோயல் பெலும் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் நாம் பேராக் மாநிலத்தின் ரோயல் பெலும் காட்டில் தங்கி, உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் காலையில் துடுப்புப் படகுப் பயணமும் பிற்பகலில் காட்டு நடையும் மேற்கொள்ளவிருக்கிறோம். பூங்காவுக்குள் நுழைய முன் அனுமதி கட்டாயம் என்பதால், அடையாள அட்டை நகலை வெள்ளிக்கிழமைக்குள் செயலாளருக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். குழுவில் பதிவிட வேண்டாம்.

நாம் படகு செலுத்தவிருக்கும் தெமெங்கோர் ஏரி, 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது காடு மூழ்கி உருவானது. பட்டுப்போன மரங்கள் இன்றும் நீருக்கடியில் மறைந்து நிற்பதால், நீச்சலில் தேர்ந்தவர் உட்பட எவரும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவோ வழிகாட்டியின் படகை முந்தவோ கூடாது. மலேசியாவின் 10 வகை இருவாட்சிப் பறவைகளும் வாழும் காடு இது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரஃப்லேசியா என்னும் மாபெரும் காட்டு மலர் சில நாள்களே மலர்ந்திருக்கும் என்பதால், அதைக் காண்போம் என்று உறுதி கூற இயலாது. அட்டைப் பூச்சிகள் கடிக்காமலிருக்க நீண்ட காலுறை அவசியம்.

பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் புறப்படுவோம். கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் யானைகள் குறுக்கிடுவதுண்டு. எனவே திரும்பும் நாளில் இருட்டுவதற்குள் கிரீக் நகரை அடைந்துவிட வேண்டும், வழியில் தேநீருக்கு நிறுத்தக் கேட்க வேண்டாம்.

ஏற்பாட்டுக் குழு, பினாங்கு