செத்துப்போன வேப்பும் தாப்பாவில் வாங்கிய சிகரெட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வேப் என்கிற மின்சிகரெட்டைத் தடை செய்ய வேண்டும், கூடாது என்று இரண்டு பக்கமும் நிறைய பேர் பேசிவிட்டார்கள். நம் மலேசியாவில் ஜொகூர், கிளந்தான் மாநிலங்கள் விற்பனையை எப்போதோ நிறுத்திவிட்டன, 2025 ஆகஸ்டிலிருந்து திரெங்கானுவும் நிறுத்திவிட்டது. நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. விற்கலாம் என்று அனுமதித்திருக்கும் இடங்களில் விற்கிற கருவி ஏன் சில மாதங்களில் செத்துப்போகிறது, அதை ஏன் யாருமே கேட்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

பட்டர்வொர்த்தில் சின்னதாக ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 11 ஆண்டு வேலை. எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. என் அண்ணன் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார், பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை போய்வருவார், இருபது வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவர். அண்ணி அழுது, பிள்ளைகள் கெஞ்சி, ஒருவழியாக சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறினார். நான்கு மாதம் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்குத் தாப்பா ஓய்வுப் பகுதியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. "தம்பி, லைட் மூணு தடவை மின்னிட்டு நின்னுடுச்சுடா, சார்ஜும் ஏற மாட்டேங்குது." நான் தூக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அவர் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிவிட்டார். நான்கு மாத முயற்சி அந்த இரவோடு போயிற்று.

மறுநாள் அந்தக் கருவியைப் பிரித்துப் பார்த்தேன். அதிலிருந்து கடைக்கு வரும் செத்த வேப்புகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வருகிறேன், இப்போது 62 இருக்கின்றன. பெரும்பாலும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் லோரி ஓட்டுநர்கள், பிறையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், காவலாளிகள். எல்லாரும் நிறைய இழுப்பவர்கள்.

முதல் குறை பேட்டரி. பொட் என்கிற, திரவம் அடைத்த டப்பியைச் செருகும் சின்ன கருவிகளில் 400 மில்லியாம்பியர் மணி அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சாதாரணமாக இழுப்பவருக்கு அது ஒரு நாள் முழுக்க வரும். அண்ணன் மாதிரி ஆளுக்கு ஒரு நாளில் மூன்று தடவை சார்ஜ் போட வேண்டும். லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 தடவை ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதற்கு மேல் இறங்குமுகம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு மூன்று என்றால் நான்கைந்து மாதம். அண்ணனுடையது சொல்லி வைத்த மாதிரி நான்கு மாதத்தில் போனது. அதுவே 18650 என்கிற, 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பெரிய செல்லாக இருந்தால் 3000 மில்லியாம்பியர் மணி கிடைக்கும், இரண்டு நாளுக்கு ஒரு சார்ஜ் போதும், இரண்டு வருடம் தாராளமாக ஓடும். அது போனாலும் மூடியைத் திருகி வேறு செல் போட்டுக்கொள்ளலாம். (அப்படிக் கழற்றும் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள், இரண்டு முனையும் உரசித் தீப்பற்றும், அதற்கென்று பிளாஸ்டிக் உறை விற்கிறது.)

அடுத்தது கசிவு. பட்டன் இல்லாத கருவிகளில் நாம் இழுப்பதை உணர உள்ளே சின்ன மைக் போல ஒரு அழுத்த உணரி இருக்கும். அதைக் காற்று போகும் வழியிலேயே, திரவத் தொட்டிக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள். வெயிலில் நிறுத்திய லோரியின் டாஷ்போர்டில் கருவி கிடந்தால் திரவம் இளகி அங்கேதான் இறங்கும். உணரி நனைந்தால் ஒன்று இழுத்தாலும் வேலை செய்யாது, இல்லையென்றால் இழுக்காமலே பையில் தானாகச் சூடாகும். இரண்டாவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. உணரிக்குத் தனிக் காற்றுவழி விட்டு நடுவில் ஒரு சிலிக்கோன் அடைப்பு வைத்தால் போதும், பெரிய செலவே இல்லை. சார்ஜ் துளையும் அப்படித்தான், மின்சுற்றுப் பலகையின் மேலே மட்டும் ஒட்டி விட்டிருப்பதால் லோரி குலுங்கும்போது வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. கால்கள் பலகையைத் துளைத்து இறங்கும்படி பற்றவைத்தால் அது அசையாது.

திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் வேறு விஷயம், அது தேயத்தான் செய்யும். பஞ்சுத்திரி கருகும், இனிப்புச் சேர்த்த திரவம் கம்பியில் கருப்பாகப் படியும், நிறைய இழுப்பவருக்கு ஒரு வாரம் வந்தால் பெரிது. ஆனால் காயிலை மட்டும் மாற்ற முடியாமல் பொட்டையே தூக்கி எறிய வைப்பதும், ஒரு நிறுவனத்தின் பொட் இன்னொன்றில் பொருந்தாமல் இருப்பதும், அந்த மாடல் கடையிலிருந்து காணாமல் போனதும் நல்ல பேட்டரி குப்பைக்குப் போவதும் என்ன நியாயம்? முன்பு 510 என்று ஒரு பொதுத் திருகு இருந்தது, 7 மில்லிமீட்டர் விட்டம், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துப் புரி, எந்த நிறுவனத்தின் திரவத் தொட்டியும் எந்த நிறுவனத்தின் பேட்டரியிலும் ஏறும். இப்போதும் பெரிய கருவிகளில் இருக்கிறது, சின்னதில்தான் கைவிட்டுவிட்டார்கள்.

இன்று நாம் பார்க்கும் மின்சிகரெட்டை 2003இல் உருவாக்கிய சீன மருந்தாளர் ஹொன் லிக் தாமும் அதிகம் புகைத்தவர், அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அதிகம் புகைப்பவரை மனதில் வைத்துப் பிறந்த பொருள் இன்று மிட்டாய் நிறத்தில், மாம்பழ வாசனையில், இரண்டு வாரத்தில் தூக்கி எறிய விற்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பதும் அதுதான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முழுத் தடை கேட்பதன் காரணம் எனக்குப் புரிகிறது, பிள்ளைகள் விஷயத்தில் அவர்கள் கவலை என் கவலையும்தான். ஆனால் நான் கேட்கும் கருவி தடியானது, கனமானது, விலை கூடியது. பன்னிரண்டு வயதுப் பையன் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் ஒளிக்க மாட்டான். வேப் உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்லவில்லை. நிக்கோட்டின் நிக்கோட்டின்தான், அடியோடு விட முடிந்தவர்கள் புகைப்பதை விட உதவும் சுகாதார அமைச்சின் எம்குவிட் சேவைக்குப் போய் விட்டுவிடுங்கள். முடியாதவர் மறுபடி சிகரெட்டுக்குத் திரும்பக் கருவியே காரணமாக இருக்கக்கூடாது என்கிறேன்.

2022 ஆகஸ்டு முதல் மின்சிகரெட் கருவிக்குச் சிரிம் என்கிற தரநிர்ணய நிறுவனத்தின் சான்று கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. ஆக, கேட்கச் சட்டம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். கருவி வெடிக்கக்கூடாது என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பதையும் தரத்தில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனீட்டாளரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்று விதி வருகிறது, அதையும் சேர்க்கலாம். எங்கள் சோதனைப் பிரிவில் சில்லுகளில் மாதிரிக்குச் சிலவற்றை 85 டிகிரி சூட்டில், 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்துச் சோதிப்போம். வேப்புக்கு அவ்வளவு வேண்டாம், பேட்டரி அந்தச் சூட்டைத் தாங்காது. நம் ஊர் வெயிலில் மூடிக்கிடக்கும் லோரியின் சூடு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுவது, ஒரு நாளைக்கு 400 இழுப்பு வீதம் ஒரு வருடம், இதைத் தாங்கினால் சரி.

அந்தத் தரத்தை வகுக்க உட்காரும்போது நிறைய இழுக்கும் லோரி ஓட்டுநர் ஒருவரையும் பழுதுபார்ப்பவர் ஒருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் சிரிம் இருக்கும் ஷா ஆலாம் வரை வரத் தயார், பிஸ்கட் டின்னையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு